என் பேரில் ஒரு கம்பெனி

ஜனவரி 3

கம்பெனியில் இந்த வருடமும் டைரி கொடுத்தார்கள். சூப்பர்வைசர்களுக்கு மட்டும்தான் டைரி, மற்றவர்களுக்குக் காலண்டர். போன வருட டைரியில் கோலம்தான் போட்டு வைத்தேன். இந்த வருடம் எழுதலாம் என்று இருக்கிறேன். எழுதும்படியாக இன்றைக்கு ஒன்று நடந்தது.

மத்தியானம் முதலாளி கூப்பிட்டனுப்பினார். இந்த பூட்ஸ் கம்பெனிக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது, அந்த ஏசி அறைக்குள் நான் போவது இது மூன்றாவது தடவை. முதலாளி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. மறுபடியும் சொன்னார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

மேனேஜர் குப்புராஜ் சார்தான் பேசினார். "அரசாங்கத்துல காவலருங்களுக்கு பூட்ஸ் வாங்கறாங்கம்மா. இருபத்தஞ்சாயிரம் ஜோடி. நம்ம கம்பெனிதான் போடப் போறோம். ஆனா அதுல நூத்துக்கு நாலு, உங்க ஆளுங்க நடத்தற சின்ன கம்பெனிகிட்டத்தான் வாங்கணும்னு ஒதுக்கி வச்சிருக்காங்க. அந்த ஆயிரம் ஜோடி நமக்கு வராது. உன் பேர்ல ஒரு கம்பெனி இருந்தா வரும்."

'உங்க ஆளுங்க' என்று சொல்லும்போது குரலை இறக்கிக்கொண்டார், ஏதோ வியாதியின் பேரைச் சொல்வதுபோல.

"நான் இன்னா சார் செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். சாதிச் சான்றிதழ், ஆதார், பேங்க் புக்கு கொண்டா. சொல்ற எடத்துல கையெழுத்துப் போடு."

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "தைக்கறது என் லைன்லதானே சார்?"

முதலாளி சிரித்தார். "வேற எங்கம்மா தைக்கப் போறோம்? உன் கை பட்ட சரக்கு இதுவரைக்கும் திரும்பி வந்திருக்குதா?"

வந்ததில்லை. அது உண்மை.

ஜனவரி 4

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "முதலாளி வாய்விட்டுக் கேட்டு முடியாதுன்னு சொல்ல நீ யாரு, நான் யாரு?" என்றார். அவர் அதே கம்பெனியில் பஸ் ஓட்டுகிறார். கேஸ் சிலிண்டர் இன்றைக்கும் வரவில்லை.

ஜனவரி 19

சிறுதொழில் பதிவு வந்துவிட்டது. டி.பி. என்டர்பிரைசஸ். உரிமையாளர்: தனபாக்கியம் ஏழுமலை. மேனேஜர் சார் செல்போனில் காட்டினார். நம் பேரை இங்கிலீஷில் அவ்வளவு பெரிசாகப் பார்த்தால் வேறு யாரோ மாதிரி இருக்கிறது.

என் போனுக்கு ஓ.டி.பி. என்று ஆறு இலக்க நம்பர் வருகிறது. வந்தால் உடனே மேனேஜர் சாருக்குச் சொல்ல வேண்டும். முதலாளியம்மாவாக எனக்கு இருக்கும் வேலை அது ஒன்றுதான். இன்று மட்டும் நாலு தடவை. லைனில் மிஷின் சத்தத்தில் கத்திச் சொன்னேன். பக்கத்து மிஷின்காரி அஞ்சுகம், "இன்னாக்கா, லாட்டரி அடிச்சிடுச்சா?" என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டு தைக்கச் சொன்னேன்.

பிப்ரவரி 6

கம்பெனியின் பழைய குடோனில் போர்டு மாட்டியிருப்பதாகச் சொன்னார்கள். எனக்கென்ன வந்தது, போர்டுதானே. காய்கறி வாங்கப் போகிற வழி என்பதால் பார்த்தேன். பச்சையில் வெள்ளை எழுத்து, கீழே என் பேர். திரும்பும்போதும் அந்த வழியாகவே வந்தேன், வெயில் குறைவு.

எங்கள் தெருவில் யார் பேரும் இதுவரை போர்டில் வந்ததில்லை. செத்தால் ஒட்டுகிற போஸ்டரில் வரும்.

பிப்ரவரி 11

ஞாயிற்றுக்கிழமை. செண்பகா சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். செண்பகவல்லி என்னோடு பதினெட்டு வருடம் ஒரே லைனில் தைத்தவள். இரண்டு வருடம் முன்னால், "இன்னும் எத்தினி நாளுக்கு அடுத்தவன் மிஷின்ல தைக்கறது?" என்று சொல்லிவிட்டு வேலையை விட்டாள். பழைய அரிசி மில்லுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, ஆறு மிஷின், அஞ்சு பெண்கள். எல்லாம் எங்கள் தெருப் பெண்கள்தான். ஊரெல்லாம் சிரித்தது. நானும் ஒரு நாள் சிரித்தேன்.

கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. அவள் கை உப்பு மட்டும் எப்போதும் சரியாக இருக்கும்.

சாப்பாடு முடிந்ததும் ஒரு பூட்ஸைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். முகமெல்லாம் பல். "பாருக்கா. அரசாங்க ஆர்டருக்கு சாம்பிளு. ஆயிரம் ஜோடி நமக்குன்னே ஒதுக்கி வச்சிகீறாங்களாம். மாவட்டத் தொழில் மையத்துல ஒரு மேடம் கூப்பிட்டு வெச்சு சொன்னாங்க. பெரிய கம்பெனி எவனும் அதுல கை வைக்க முடியாதாம்."

நான் பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குதிகால் மேலே வருகிற தையல் ஒரு நூல் அளவுக்கு விலகியிருந்தது. காட்டினேன். அப்போதே உட்கார்ந்து பிரித்துத் தைத்தாள். மறுபடி பார்த்தேன். அருமையான வேலை. மனசாரச் சொல்கிறேன், எங்கள் கம்பெனியில்கூட இப்போது யாரும் இப்படித் தைப்பதில்லை.

"நீ பாஸ் பண்ணிட்டா கவர்மெண்டே பாஸ் பண்ண மாதிரிக்கா," என்றாள். இந்த ஆர்டர் வராவிட்டால் மழைக்காலத்துக்குள் கொட்டகையை மூட வேண்டியதுதான் என்றும் சொன்னாள். மற்ற கம்பெனிகளிலிருந்து தைக்கக் கொடுக்கும் வேலை குறைந்துபோய்விட்டதாம். ஜோடிக்கு என்ன விலை போடப் போகிறாள் என்பதையும் சொன்னாள். விலையை நான் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் கம்பெனி பற்றிச் சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை. சாப்பிடப் போன வீட்டில் வியாபாரம் பேசுவது நன்றாக இருக்காது.

பிப்ரவரி 14

மேனேஜர் சார் கேண்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்து டீ குடித்தார். தொழிலாளிகள் பெஞ்சில் உட்காருகிற ஆள் இல்லை அவர். செண்பகா எப்படி இருக்கிறாள், கொட்டகை எப்படி ஓடுகிறது என்று அக்கறையாக விசாரித்தார். பழைய ஆளை மறக்காத மனுஷர். பேச்சுவாக்கில் நாலு வார்த்தை பேசினோம். அவ்வளவுதான்.

பிப்ரவரி 20

ஆறு நம்பர். மூன்று தடவை.

மார்ச் 9

ஆர்டர் டி.பி. என்டர்பிரைசஸுக்கு வந்துவிட்டது. இருபத்துநாலாயிரம் ஜோடி முதலாளிக்கு, ஆயிரம் ஜோடி எனக்கு. முதலாளி தன் கையாலேயே மைசூர்பாகு கொடுத்தார். ஒதுக்கிய பங்குக்குப் போட்டி போட்டது இரண்டே கம்பெனிதானாம். இன்னொன்று ஜோடிக்குப் பதினோரு ரூபாய் அதிகம் போட்டிருந்ததாம். இன்னொன்று யாருடையது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

மைசூர்பாகு நெய் அதிகம். எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 10

பித்தளைப் பாத்திரம் எல்லாவற்றையும் பரண் மேலிருந்து இறக்கி, புளி போட்டுத் தேய்த்தேன். "இன்னாத்துக்கு? பொங்கலா தீவாளியா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அடுத்த குடத்தை எடுத்தேன்.

மார்ச் 17

ரேஷன் கடையில் செண்பகாவைப் பார்த்தேன். இளைத்திருந்தாள். நானாகவே, "இன்னாச்சுடி ஆர்டரு?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்காது.

"வரலக்கா. யாரோ டி.பி. என்டர்பிரைசஸாம். பதினோரு ரூபாயில போச்சு."

"யாரா இருக்கும்?"

அவள் என்னைப் பார்த்தாள். பருப்பு போடுகிற ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், அவள் நகரவில்லை. அப்புறம், "யாரோக்கா," என்று சொல்லிவிட்டுப் பையை நீட்டினாள்.

அவளுக்கு எதுவும் தெரியாது. தெரிந்தால் சும்மா விடுகிறவளா? அவள் வாய் எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 8

என் லைனில் இன்றைக்கும் முதலாளியின் ஆர்டர்தான் ஓடுகிறது. என்னுடைய ஆயிரம் ஜோடி எப்போது வரும் என்று மேனேஜர் சாரிடம் கேட்டேன். நூல் நல்ல நூலாக வாங்கச் சொல்ல வேண்டும், பழைய சரக்கு நூல் அறுந்துபோகிறது. "பாக்கலாம்மா, பாக்கலாம்," என்றார்.

ஏப்ரல் 23

குடோன் வாசலில் லாரி நின்றது. வெளியூர் வண்டி. அட்டைப்பெட்டியாக இறக்கினார்கள். உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்து பெட்டிக்குப் பெட்டி புது லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். லேபிளில் டி.பி. என்டர்பிரைசஸ்.

மேனேஜர் சாரிடம் போய், "சார், என் லைன்லன்னு சொன்னீங்களே," என்றேன்.

"அதெல்லாம் ஆயிடுச்சும்மா. வெளியில ரெடியா, மலிவா கெடச்சுது, வாங்கிட்டோம். உனக்கு வேலை மிச்சந்தானே?"

"நான் ஒரு பொட்டியப் பிரிச்சுப் பாக்கட்டா?"

"நீ இன்னாத்துக்குப் பாக்கணும்?"

என் கம்பெனியாம். என் பேராம். என் சரக்கை நான் பார்க்கக் கூடாதாம். வந்த கோபத்துக்கு லைனில் எல்லாரையும் திட்டினேன். அஞ்சுகம் அழுதுவிட்டாள். பாவம், அவள் ஒன்றும் செய்யவில்லை.

மே 12

செண்பகா நாலு மிஷினை விற்றுவிட்டாளாம். வீட்டுக்காரர் பஸ்ஸில் கேட்டுவந்து சொன்னார். சோறு வடித்துக்கொண்டிருந்தேன், கஞ்சி கையில் கொட்டிவிட்டது. பெரிய புண் இல்லை.

மே 30

ஆய்வுக்கு ஆள் வருகிறார்களாம். டி.பி. என்டர்பிரைசஸ் நிஜமாகவே ஒரு கம்பெனிதானா, சரக்கு அங்கேதான் தயாராகிறதா என்று பார்க்க. முதலாளியின் ஆர்டரைப் பார்க்க யாரும் வரவில்லை. ஆயிரம் ஜோடிக்குத்தான் வருகிறார்கள்.

யார் எழுதிப் போட்டது என்று எனக்கா தெரியாது? செண்பகா. வேறு யாருக்கு வயிறு எரியும்?

ஜூன் 2

இன்றைக்கு விடுமுறை நாள். இருந்தும் எல்லாரும் வந்தோம். எங்கள் லைனிலிருந்து எட்டு மிஷினைக் கழற்றிக் குடோனுக்குக் கொண்டுபோனார்கள். எட்டுப் பெண்களைப் பொறுக்கினார்கள். "நீங்க டி.பி. என்டர்பிரைசஸ்ல வேல செய்யறீங்க. முதலாளி யாருன்னு கேட்டா தனபாக்கியம்மான்னு சொல்லணும். அக்கான்னு சொல்லிடாதீங்க," என்று மேனேஜர் சார் பாடம் எடுத்தார். அஞ்சுகம் நாலு தடவையும் "அக்கா" என்றே சொன்னாள். அவளை எடுத்துவிட்டு வேறு ஆள் போட்டார்கள்.

கம்பெனி பஸ்ஸை என் வீட்டுக்காரர்தான் ஓட்டினார். வழியில் என்னைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். 

நான் கட்ட வேண்டிய புடவையையும் மேனேஜர் சாரே சொல்லிவிட்டார். பருத்தியாக, இஸ்திரி போட்டு.

ஜூன் 4

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். ஐம்பது வயதிருக்கும், அரைக்கைச் சட்டை, சாதுவான முகம். என்னைப் பார்த்து "வணக்கம்மா" என்றார். மேசைக்குப் பின்னாலிருந்த நாற்காலியில் நான். பக்கத்தில் மேனேஜர் சார், என் கம்பெனிக் கணக்குப்பிள்ளை என்ற பேரில், நின்றுகொண்டு. அவரை நிற்கவைத்து நான் உட்கார்ந்திருந்தது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. நன்றாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

மிஷினைப் பார்த்தார். பெண்களைக் கேட்டார். எல்லாரும் "தனபாக்கியம்மா" என்றார்கள். ஏதோ எழுதிக்கொண்டார். முடிந்தது, கிளம்பிவிடுவார் என்றுதான் இருந்தது. மேனேஜர் சார் இளநீர் கொண்டுவரச் சொல்லிவிட்டார். போகிற போக்கில் அதிகாரி ஒரு பெட்டியைப் பிரித்து, ஒரு பூட்ஸை எடுத்து என் கையில் கொடுத்தார். "நல்லா வந்திருக்காம்மா?" என்றார். சும்மா, மரியாதைக்குக் கேட்டதுதான்.

"ஆமா சார்" என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது.

பூட்ஸ் வந்ததும் கை தன்னால் அதை வளைத்துப் பார்த்தது. இருபத்திரண்டு வருடமாக ஒரு நாளைக்கு முந்நூறு தடவை செய்கிற வேலை. அடிப்பாகம் முன்னால் வாயைப் பிளந்தது. தையலைக் கட்டைவிரல் நகத்தால் எண்ணினேன். இஞ்சுக்கு எட்டு இருக்க வேண்டும், அஞ்சுகூட இல்லை. உள்ளே விரலை விட்டேன், தோலுக்குப் பதில் அட்டை.

"இன்னா இது தையலு?" என்றேன். சத்தமாகவே சொல்லியிருக்கிறேன். "எந்த நாதாரி பாஸ் பண்ணான் இத?"

மேனேஜர் சார் இருமினார்.

அதிகாரி மெதுவாக, "நீங்கதானேம்மா பாஸ் பண்ணணும்? உங்க கம்பெனி," என்றார்.

"என் கையில வந்தா இது தாண்டாது சார்."

எங்கள் வேலையில் ஒரு வழக்கம். தேறாத ஜோடியில் வெள்ளி மைப் பேனாவால் பெருக்கல் குறி போட்டு ஓரமாக வைத்துவிடுவோம். போட்டால் போட்டதுதான், முதலாளியே வந்தாலும் அதை அழிக்க மாட்டார். பேனா எப்போதும் என் இடுப்பில் இருக்கும். போட்டேன். அடுத்ததை எடுத்தேன். அதற்கும் போட்டேன். மேனேஜர் சார், "அம்மா, போதும்மா, இளநீர் வந்துடுச்சு," என்றார். எனக்குக் காது கேட்டது, கை நிற்கவில்லை. இருபத்துநாலு ஜோடி பிரித்தேன். இருபத்தொன்றுக்குக் குறி போட்டேன். எட்டு பெண்களும் மிஷினை விட்டு எழுந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த அரை மணி நேரம் நான் நிஜமாகவே அந்தக் கம்பெனிக்கு முதலாளியாக இருந்தேன். சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கடைசியில் என்னிடமே கையெழுத்து வாங்கினார். "உரிமையாளர் தாமே நிராகரித்தார்" என்று எழுதியிருந்தது. நியாயமாகத்தானே எழுதியிருக்கிறார் என்று நினைத்துப் போட்டேன்.

ஜூன் 5

முதலாளி திட்டவில்லை. "பரவால்லம்மா. போய் வேலயப் பாரு," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 21

உத்தரவு வந்துவிட்டது. ஆர்டர் ரத்து. டி.பி. என்டர்பிரைசஸும் அதன் உரிமையாளர் தனபாக்கியமும் இரண்டு வருடத்துக்கு எந்த அரசாங்க ஆர்டருக்கும் போடக் கூடாது. தரமற்ற சரக்கு கொடுத்தவள் என்று எல்லாரும் பார்க்கிற மாதிரி பட்டியலில் பேர். முதலாளியின் பேர் எதிலும் இல்லை. எப்படி இருக்கும்?

தரமற்ற சரக்காம். நானாம்.

ஜூன் 23

இன்றைக்கு நேராகச் செண்பகா கொட்டகைக்குப் போனேன். எழுதிப் போட்டாயே பாவி, உன் வயிறு குளிர்ந்ததா என்று கேட்கத்தான் போனேன். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே இரண்டு மிஷின்தான் இருந்தது.

நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் சொன்னாள். "நான் எழுதலக்கா."

"பொய் சொல்லாதடி."

"எழுதணும்னு ஒக்காந்தேன். மார்ச்சு மாசமே ஒக்காந்தேன். ரிசல்ட்டு வந்த அன்னிக்கே கம்ப்யூட்டர்ல உன் பேரு போட்டிருந்துச்சுக்கா. தனபாக்கியம் ஏழுமலைன்னு. உன் பேர எழுதி எப்பிடி நான் புகார் குடுக்கறது? கிழிச்சுப் போட்டுட்டேன். அவங்களே கணக்குக்கு நாலு கம்பெனிய எடுத்துப் பாப்பாங்களாம். அதுல உன்னுது மாட்டிகிச்சு."

 ரேஷன் கடையில் "யாரா இருக்கும்?" என்று அவளிடமே கேட்டேனே.

"வெலய நான் ஒருத்திகிட்டதான் சொன்னேன்க்கா," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். மழை வருமா என்று கேட்பதுபோலச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து பிப்ரவரிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நாலு வார்த்தை பேசினோம் என்று எழுதியிருக்கிறேன். பேசும்போதே தெரியும். மேனேஜர் சார் எதற்குக் கேட்கிறார் என்று தெரிந்துதான் சொன்னேன். போர்டில் என் பேர் இருந்தது, ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது. அவள் கையால் களி தின்று மூன்று நாள்தான் ஆகியிருந்தது. சீ.

ஜூலை 8

நம்ப முடியவில்லை. ஆர்டர் கொடுத்த துறையிலிருந்து செண்பகாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் ஆர்டர் ரத்தானதால் ஒதுக்கிய ஆயிரம் ஜோடிக்கு அடுத்த ஆள் அவள்தான். பத்து நாளில் கொட்டகையைப் பார்க்க வருகிறார்களாம், தைக்கிற வசதி இருந்தால் ஆர்டர் அவளுக்கே. தெருவே பேசுகிறது.

அவள் என்னிடம் சொல்லவில்லை. அஞ்சுகம்தான் சொன்னாள். சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினேன்.

ஜூலை 9

அவளிடம் இருப்பது இரண்டே மிஷின். ஆயிரம் ஜோடிக்குக் குறைந்தது ஆறு மிஷின் வேண்டும். விற்ற மிஷின்கள் வெளியூர் போய்விட்டன.

மேனேஜர் சாரிடம் போனேன். குடோனில் எட்டு மிஷின் இன்னும் அப்படியேதான் நிற்கிறது, துணி போட்டு மூடி. "சார், ரெண்டு மாசத்துக்கு நாலு மிஷின வாடகைக்குக் குடுங்க. நான் ஜவாப்தாரி," என்றேன்.

"யாருக்கும்மா?"

சொன்னேன்.

சிரித்தார். நன்றாகச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அவளுக்குக் கெடைக்கலன்னா அந்த ஆயிரமும் யாருக்கு வரும்னு நெனக்கற?" என்றார்.

ஜூலை 11

முதலாளி வீட்டுக்கே போனேன். வாசலில் நிற்கவைத்தார்கள். ஒன்றேகால் மணி நேரம். சாமி கும்பிடுகிறார் என்றார்கள், சாப்பிடுகிறார் என்றார்கள், வெளியே போய்விட்டார் என்றார்கள். கார் வாசலில்தான் நின்றது.

வீட்டுக்காரரிடம், கம்பெனிக்குத் தெரியாமல் குடோன் மிஷினை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விடலாமா என்று கேட்டேன். "ரெண்டு பேரும் வீட்டுல ஒக்காந்துக்கலாம், வா," என்றார். அப்புறம் அவரே வெளியே போய் அக்கம்பக்கத்து ஊரெல்லாம் மிஷின் விசாரித்துவிட்டு வந்தார். தோல் தைக்கிற மிஷின் யாரிடமும் சும்மா இல்லை.

ஜூலை 18

வந்து பார்த்தார்கள். பதினைந்து நிமிடம்கூட இல்லை. "உற்பத்தி வசதி போதாது."

ஆகஸ்ட் 2

ஒதுக்கிய பங்குக்குத் தகுதியான சிறுதொழில் கிடைக்கவில்லை என்று எழுதி, அந்த ஆயிரம் ஜோடியையும் முதலாளிக்கே கொடுத்துவிட்டார்கள். மைசூர்பாகு மறுபடியும் வந்தது. நான் எடுக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 9

அந்த ஆயிரம் ஜோடி இன்றைக்கு என் லைனுக்கு வந்தது. நல்ல தோல், நல்ல நூல். இஞ்சுக்கு எட்டு.

ஆகஸ்ட் 26

செண்பகா வேலைக்கு வந்துவிட்டாள். கொட்டகையைப் பூட்டியாகிவிட்டது. அவளோடு இருந்த அஞ்சு பேரில் இரண்டு பேர் எங்கள் கம்பெனிக்கு, மற்றவர்கள் எங்கே போனார்கள் தெரியவில்லை. என் லைனில்தான் போட்டிருக்கிறார்கள். பதினெட்டு வருடம் உட்கார்ந்த அதே இடம் கிடைக்கவில்லை, கக்கூஸ் பக்கத்து மிஷின். புது ஆள் சம்பளம்.

"வா," என்றேன். "வந்தேன்க்கா," என்றாள். அவள் தைத்த முதல் ஜோடியை எடுத்துப் பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, வேலை அப்படி. இருந்தும் பார்த்தேன், அவளிடம் வேறு என்ன பேசுவது?

செப்டம்பர் 15

தண்ணீர் லாரி மூன்று நாளாக வரவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து எட்டுக் குடம்.

அக்டோபர் 7

அடுத்த டெண்டர் வருகிறது. இந்தத் தடவை நாற்பதாயிரம் ஜோடி. என் பேர் இரண்டு வருடத்துக்கு உதவாது. அஞ்சுகத்தைக் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் மேனேஜர் சார் ஒரு ஃபைலைக் கொடுத்தார். "செண்பகா பதிவு இன்னும் உயிரோட இருக்குது. ரெண்டு வருஷம் நடத்தின கம்பெனி, சொந்தச் சாம்பிள் பாஸானது. உன்னுத மாதிரி புதுசு இல்ல, யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. நீ சொன்னா கேப்பா. கையெழுத்து வாங்கிகினு வா."

"நீங்களே கேளுங்க சார்," என்றேன்.

"உன் வீட்டுக்காரர் வண்டிய போன வாரம் ஒரசிட்டாராமே?" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் மிஷின் அருகே போனேன். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். ஃபைலை வைத்தேன். முதல் பக்கத்தில் அவள் கம்பெனிப் பேரைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வேணான்னு சொல்லிடு செண்பகா," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் சொன்னேன். "பழி உன் தலையில விழும். நாளைக்கு நீ மறுபடியும் கொட்டகையத் தொறக்கணும்னா இந்தப் பதிவு ஒண்ணுதாண்டி இருக்குது. அதையும் குடுத்துட்டா இன்னா இருக்குது நம்மகிட்ட? வேணான்னு சொல்லு. நான் போய் அவங்ககிட்ட பேசிக்கறேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உன்னக் கேட்டப்போ நீ வேணான்னு சொன்னியாக்கா?"

நான் ஃபைலைப் பார்த்தேன்.

"எங்க போடணும், காட்டு," என்றாள்.

காட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டி, விரலை வைத்து, இங்கே, இங்கே, இங்கே என்று காட்டினேன். அவள் கையெழுத்து அழகாக இருக்கும், அவசரப்படாமல் முழுப் பேரையும் எழுதுவாள். எழுதி முடித்துவிட்டு டப்பாவை இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

மேனேஜர் சார் ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்தார். ஒரு இடம் விட்டுப்போயிருந்தது. திரும்பப் போய் அதையும் வாங்கி வந்தேன்.